இடப்பக்கம் திரும்பாத துடைப்பம்

வந்த பெண் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்ட பிறகுதான் என் துடைப்பத்தைத் தொட்டார். விளையாட்டு அருங்காட்சியகத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பருந்து மூணாவது மாடல். இன்னும் இதுல ஆடறது நீங்க ஒருத்தர்தான் சார்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துடைப்பத்தில் பறந்து வளையப்பந்து ஆடுகிறவர்கள் எல்லாம் பருந்து பதினொன்றுக்கு மாறிவிட்டிருக்க, நான் மட்டும் இருபத்திரண்டு வருடங்களாக மூன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அதில் மேலே எழும்ப வேண்டுமென்றால் பதினைந்து அடி ஓடிவந்து எம்ப வேண்டும்.

எழும்பினாலும் இடப்பக்கம் திரும்பாது. இடப்பக்கம் போக, வலப்பக்கமாக முக்கால் வட்டம் அடித்து வருவேன். நான் வந்து சேர்வதற்குள் எதிரணி எங்கள் வளையத்துக்குள் பந்தைப் போட்டுவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்.

இதை நான் என் தனிப்பாணி என்று சொல்லிக்கொள்வேன். என் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள், லென்ஸ் மாட்டி முடிக்கும்வரை அந்தப் பாணியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். அணியைத் தொடங்கியவன் நான். என்னிடம் வந்து 'வெளியே உட்காருங்கள்' என்று சொல்லும் துணிச்சல் ஒருவருக்கும் கிடையாது.

கேப்டன் ரொம்ப மரியாதையான பையன். என்னை அண்ணன் என்றும் என் மனைவியை அண்ணி என்றும் வாய் நிறையக் கூப்பிடுவான். அவளோ ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். போன மாதம் நான் கொடிக்கம்பத்தில் மோதி விழுந்தபோதுகூட, ஆடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கமாகப் பரணில் கிடக்கும் துடைப்பத்தை, அருங்காட்சியகப் பெண் வந்த அன்று காலையிலேயே தூசி தட்டி ஹாலில் சாத்தி வைத்திருந்தாள்.

கண்ணாடிப் பேழைக்குள் துடைப்பம், அடியில் என் பெயர், பக்கத்தில் என் படம் என்று அந்தப் பெண் விவரித்தார். ஒரே ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி தொடங்குவதால் உடனே எடுத்துப் போக வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் இறுதிப் போட்டி. சீசன் தொடக்கத்தில் பதிவு செய்த துடைப்பத்தைத் தவிர வேறெதிலும் ஏறக்கூடாது என்பது விதி. துடைப்பத்தைக் கொடுத்தால் அணியை நட்டாற்றில் விட்ட பாவம் என்னைச் சேரும். கொடுக்காவிட்டால் கண்ணாடிப் பேழை போய்விடும். மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"குடுத்துடுங்க," என்றாள் அவள். "காலத்துக்கும் பேர் நிக்கும்."

கைப்பிடியைக் கடைசியாக ஒருமுறை தடவிக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டது. மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

கேப்டனிடம் நேரில் சொல்வதுதான் முறை என்று சாயங்காலமே கிளம்பினேன். இடிந்து போய்விடுவானே என்று வழி நெடுக ஆறுதல் வார்த்தைகளை ஒத்திகை பார்த்தேன். நான் இல்லாவிட்டாலும் மனம் தளராமல் ஆடுங்கள், தோற்றாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று முடிப்பதாகத் திட்டம்.

அவன் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் அருங்காட்சியகப் பெண். இப்போது நைட்டியில் இருந்தார். கையுறை இல்லை, பாதி நறுக்கிய வெங்காயம் இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால், ஹால் சுவரோரமாக என் பருந்து மூன்று சாய்ந்து நின்றது.

உள்ளேயிருந்து கேப்டனின் குரல் வந்தது.

"யாரு தங்கச்சி வாசல்ல? அண்ணியா இருந்தா உள்ள கூப்பிடு, ஐடியா குடுத்ததே அவங்கதான்."