காலியாக இருந்த ஒரு சீட்

ஒற்றை விமானத்தோடு தொடங்கிய செங்குட்டுவனின் வாடகை விமான நிறுவனம் ஐந்தே வருடங்களில் நான்கு விமானங்களுக்கு வளர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின. நின்றவற்றின் பாகங்களைக் கழற்றிப் பறப்பவற்றில் மாட்டினார்கள். மிஞ்சிய கடைசி விமானத்தின் பரிசோதனைப் படிவத்தில் இன்ஜினியர் சவரிமுத்துவின் கையெழுத்து இருந்தது. அவர் போன மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது விமானி ரெஜினாவுக்குத் தெரியும்.

"இது எப்போ சார் போட்டது?"

"நேத்து வந்து போட்டுட்டுப் போனாரும்மா. நீ ஏறு, ஆளுங்க காத்திருக்காங்க."

"அப்போ நீங்களும் வாங்க சார். ஒரு சீட் காலியாத்தான் இருக்கு."

செங்குட்டுவன் விமானத்தை ஒருமுறை பார்த்தார்.

"நான் ஒரு கல்யாணத்துக்குப் போகணும்மா."

ரெஜினா படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு, பயணிகள் உட்கார்ந்திருந்த அறையை நோக்கி நடந்தாள். பின்னால் அவர் ஓடிவரும் சத்தம் கேட்டது.