பிரிக்காத பாக்கெட்

பாக்கெட்டைப் பார்த்ததும் கடை வாசலைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

காலி அட்டைப் பெட்டிகளை மிதித்து மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டிக்குள் ஏதோ குலுங்கியது. கையை விட்டு எடுத்தால் இருபது நட்டுகள். ஒட்டிய டேப்கூடப் பிரிக்கப்படவில்லை.

அலாய் வீல் வாங்கினால் அதற்கென்று தனி நட்டுகள் கூடவே வரும். அந்த வீலின் துளை கூம்பு. நட்டின் அடியும் கூம்பாக இருக்க வேண்டும். பழைய வீலிலிருந்து கழற்றிய நட்டின் அடி உருண்டை. அதையே திரும்பப் போட்டாலும் ஏறும், இறுகும், இறுக்கம் அளக்கிற ஸ்பேனரும் சமர்த்தாக ‘டிக்’ என்று சொல்லும். முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒவ்வொன்றாகத் தளரும். அப்புறம் வீல் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

இன்று காலை நான் அலாய் வீல் மாட்டிய வண்டி, கடை வாசலில் கிளம்பத் தயாராக நின்றது.

வண்டிக்காரர் ஒரு பல் டாக்டர். பின்சீட்டில் அவருடைய அம்மா, மடியில் பேத்தி. பானெட்டின் மேல் ஃபைலை வைத்து எழுதிக்கொண்டிருந்தவர் இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் விவரமானவர். வீலையும் டயரையும் பெரிதாக்கினால் பாலிசியில் ஏற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகும்போது, நாங்கள் இன்சூரன்ஸ் கொடுத்த வண்டி இது இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிடும். அது தெரிந்து அவரே போன் போட்டு இன்ஸ்பெக்டரை வரவழைத்திருந்தார். பிரீமியம் கொஞ்சம் ஏறுமாம். ஏறட்டும் என்றார்.

இன்ஸ்பெக்டர் சாவியைத் தொலைத்தவர் மாதிரி குனிந்து குனிந்து வண்டியைச் சுற்றினார். டயரின் அகலத்தை அளந்தார். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பச் சொல்லி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்தார். கடைசியில் ஃபாரத்தை என்னிடம் நீட்டினார். எல்லாம் முறைப்படி பொருத்தப்பட்டது என்று போட்டிருந்தது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பத்து நிமிடம் ஆகிவிட்டது.

வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கையெழுத்துதான். குழந்தை இல்லை.

இரண்டாவது ஞாபகம் முதலாளி. போன மாதம் ஒரு டயரை, சுழலும் திசை காட்டும் அம்புக்குறியைப் பார்க்காமல் திருப்பி மாட்டிவிட்டேன். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வராதே என்று அப்போதே சொல்லிவிட்டார். இதோ, இன்ஸ்பெக்டரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

நிஜமாகவே பழைய நட்டையா போட்டேன்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பதினோரு வருடமாகச் செய்கிற வேலை; கை அதன்பாட்டுக்குச் செய்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நட்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

டாக்டர் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

பேசாமல் இருந்துவிட்டு, மத்தியானமாகப் போன் செய்து வரச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பின்சீட்டில் அந்த அம்மா, குழந்தை தூங்க வசதியாகக் காலை நீட்டிக்கொண்டார். அவ்வளவுதான். ஓடிப்போய் இரண்டு கையையும் பானெட்டில் வைத்துவிட்டேன்.

நட்டு தப்பு, கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் டாக்டர் இன்ஜினை அணைத்தார்.

முதலாளியின் முகம் செத்துப்போனது. ஆனால் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவரே போய் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

முதல் நட்டைக் கழற்றினேன். கீழே விழுந்து உருண்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

கூம்பு.

அடுத்ததும் கூம்பு. நாலு வீல், இருபது நட்டு, அத்தனையும் புதுசு. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்ற பயத்தில் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. முதலாளி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், அது பாராட்டுத்தான். கையெழுத்துப் போட்டவர்கள் நழுவுவதைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

டாக்டர்தான் பெஞ்சில் கிடந்த பாக்கெட்டைக் கையில் எடுத்து, சாதாரணமாகக் கேட்டார்.

“அப்ப இது யாரோட வண்டிக்கு வந்ததுப்பா?”

இந்த வாரம் கடையில் அலாய் வீல் மாட்டியது இரண்டே வண்டிக்கு.

இன்னொன்றை நேற்று மாட்டினேன். கடை லீவு. சாவியை வாங்கி வந்து நானே திறந்து, என் தங்கையின் வண்டிக்குப் போட்டேன். வீல் என் அன்பளிப்பு. அவள் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரே அரட்டை, ஒரே கிண்டல். இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டாமா, வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று நடுவில் கேட்டாள்.

“உங்கண்ணன் வேலைய இன்னொருத்தன் வந்து பாக்கணுமா? போடி.”

இன்று காலை பத்து மணிக்கு, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புருஷன் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இருநூறு கிலோமீட்டர்.

இப்போது மணி பதினொன்று.

போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

வண்டி ஓட்டும்போது என் தங்கை போனை எடுக்கமாட்டாள். அவ்வளவு ஜாக்கிரதை.