மூலை மேசைக்காரர்

"அத்தா, அந்த அங்கிளுக்கு இனிமே நான் தே கொண்டு போக மாட்டேன்." நஜ்வா தட்டைக் கல்லா மேல் டக்கென்று வைத்தாள். பதினைந்து வயதுப் பெண்ணின் முகம் சிவந்து கிடந்தது.

ரொட்டி சானாயைப் புரட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா ரஃபி நிமிர்ந்தான். "ஏம்மா? ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. ஃபோன்ல அசிங்க அசிங்கமா படம் பாக்குறாரு."

ரஃபிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பீடோங்கில் பத்து வருஷமாகக் கடை நடத்துகிறான். பிள்ளைகுட்டிகளோடு வந்து சாப்பிடலாம் என்று சனங்கள் நம்பி நுழைகிற கடை. அங்கேயா இந்தக் கூத்து?

மூலை மேசையில் உட்கார்ந்திருந்தவர் பெயர் அம்மாசி. ஏதோ எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் என்பதற்கு மேல் ரஃபிக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து நாளாக மூன்று மணிக்கெல்லாம் பூட்ஸில் சேறு காயாமல் வந்துவிடுவார். பால் ஊற்றாத தேநீர், தே ஓ ஒன்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவார். தே ஆறிப்போகும். அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்.

"எஸ்டேட்டுல லைன் கிடைக்கல தம்பி" என்று முதல் நாள் கெஞ்சினார். பாவமே என்று கடை வைஃபையைப் போட்டுக் கொடுத்ததே ரஃபிதான்.

கையைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அவர் பின்னால் போய் நின்றான்.

நஜ்வா சொன்னது பொய்யில்லை. திரை முழுக்கத் துணியில்லாத பெண்கள். அம்மாசி படங்களைத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. சட்டென்று இடது உள்ளங்கையால் அந்தப் படத்தை மூடினார். மூடிய கையை எடுக்காமலே, மேலே இருந்த இணைய முகவரியை மட்டும் அழுத்தி யாருக்கோ அனுப்பினார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் என்னவோ குறித்துக்கொண்டார்.

ஆள் வருவது தெரிந்து மறைக்கிறார் என்றுதான் ரஃபி நினைத்தான். அதற்குள் அவர் யாரையோ ஃபோனில் கூப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"அம்மா, இன்னைக்குப் புதுசா மூணு கெடச்சுது. அனுப்பிட்டேன். நேத்து அனுப்புனதுல ரெண்டு இன்னும் அப்படியேதாம்மா இருக்கு."

இதில் ஒரு பொம்பளை வேறு கூட்டா! அவர் பேசி முடித்து ஃபோனைக் கீழே வைத்ததும் ரஃபி அதைப் பிடுங்கினான். நோட்டையும் இழுத்துப் பார்த்தான். பக்கம் பக்கமாகத் தேதிகள். சிலவற்றுக்கு எதிரே கோணல் எழுத்தில், 'எடுத்தாச்சு', 'எடுத்தாச்சு'.

"என்னாண்ணே இது? எடுத்து எடுத்துச் சேத்து வைக்கிறீங்களா? அதுக்கு ஒரு நோட்டு வேறயா?"

அம்மாசி பதறி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "தம்பி, ஃபோனக் குடுத்துடுங்க. அதப் பாக்காதீங்க தம்பி. கும்புட்டுக் கேக்குறேன்."

"நீங்க மணிக்கணக்குல பாப்பீங்க, நான் பாக்கக்கூடாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பொம்பளப் புள்ள நிக்கிற கடை லா இது! அதுக்கா வைஃபை குடுத்தேன்?"

கடையே திரும்பிப் பார்த்தது. எதிர் மேசையில் ஒருவர் மீ கோரெங் தட்டைத் தள்ளிவிட்டு, தன் ஃபோனைத் தூக்கி அம்மாசியைப் படமெடுக்க ஆரம்பித்தார். அம்மாசி அதைப் பார்த்தார். தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. அவர் கண் ரஃபியின் கையிலிருந்த ஃபோனிலேயே இருந்தது.

"வெளியில போறேன் தம்பி. இனிமே வரல. அத மட்டும் குடுத்துடுங்க."

அந்தக் கெஞ்சல் ரஃபியின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. அவர் கையால் மூடிய படம் இன்னும் திரையில் இருந்த ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருங்கண்ணே, நல்லாப் பாருங்க! இந்தப் பொண்ணுக்கு இருபது, இருபத்தொண்ணு இருக்குமா? உங்க மக வயசு இருக்காது?"

அம்மாசி கண்களை இறுக மூடிக்கொண்டார். இமைக்கடியிலிருந்து நீர் வழிந்து, வெயிலில் கருத்த கன்னத்தில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அதிர்ந்தது. உமாராணி என்று யாரோ அனுப்பிய செய்தி திரையில் வந்து நின்றது. ரஃபி கோபம் தணியாமலே அதைப் படித்தான்.

'அங்கிள், இன்னைக்கு அனுப்புன மூணையும் நீக்கச் சொல்லிப் புகார் குடுத்துட்டேன். போலீஸ் ரிப்போர்ட்டையும் சேத்து வச்சிருக்கேன். இன்னும் எங்கயாச்சும் போட்டிருந்தா அனுப்புங்க. எல்லாத்தையும் எடுக்க வைக்கலாம். தைரியமா இருங்க.'

இன்னொரு முறை படித்தான். நீட்டியிருந்த கை தானாகத் தாழ்ந்தது. எதிர் மேசைக்காரரைப் பார்த்து, ஃபோனைக் கீழே வைக்கச் சொல்லிச் சைகை காட்டினான்.

அம்மாசி அவன் கையிலிருந்து தன் ஃபோனை மெதுவாக வாங்கித் திரையை அணைத்தார். நோட்டைச் சட்டைக்குள் செருகினார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வராதவர்போல் வாசலில் ஒரு கணம் நின்றார்.

"என் மகதான், தம்பி."