ஏழாவது குடை

“இதோட ஏழு குடை! எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?” வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் இராசமணி.

சிவசுப்பிரமணியம் நனைந்த கோழியாக நின்றார். லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் அதிபர்.

“மறந்துபோனன்.”

பள்ளிக்கூடத்தையே கட்டி ஆளுகிற மனுசனுக்கு ஒரு குடையைக் கட்டி ஆள முடியவில்லை!

கோபமென்று பெயர்தான், உள்ளுக்குள் அவளுக்குப் பயம். அவருடைய தகப்பனாருக்கும் மறதி இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் பெற்ற மகனையே “தம்பி ஆர்?” என்று கேட்டார்.

அதனால்தான் போன மாதம் இருவரும் ஒஸ்ரேலியா போனபோது, அங்கே மூளை ஆராய்ச்சி செய்யும் அவளுடைய அண்ணன் மகன் மதுரன் அவருக்கு ஸ்கேன் எடுத்திருந்தான். இப்போது விடுமுறைக்குப் பதுளை வந்தவன், மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான்.

படத்தில் மூளையைச் சுற்றிப் பளீரென்று வெளிச்சம்.

இராசமணி திரையைச் சுட்டிக் காட்டினாள். “வெளிச்சம் தெரிஞ்சால் மறதி வருத்தம் எண்டு நீதானேயடா சொன்னனீ?”

“மூளையிலை தெரிஞ்சால்தான் மாமி வருத்தம். இது மூளையைப் போர்த்திருக்கிற சவ்வு. ஸ்கேனுக்கு முன்னம் போட்ட ஊசி மருந்து சும்மா அதிலையும் ஒட்டும். சவ்வை மறைச்சுப்போட்டு மூளையை மட்டும் அளந்து பாக்கோணும்.”

ஓரம் ஓரமாகக் கோடு இழுத்து, ஒவ்வொரு படமாகச் சவ்வை மறைத்துக்கொண்டே வந்தான். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. இராசமணி கதிர்காமத்து முருகனுக்கு நேர்த்தி வைத்தாள்.

கடைசியில் மதுரன் கைதட்டிச் சிரித்தான். “மாமாவின்ரை மூளை பத்தரை மாற்றுத் தங்கம் மாமி! ஒரு குறையும் இல்லை!”

அழுகையும் சிரிப்புமாக முருகனைக் கும்பிட்டாள் இராசமணி. எவ்வளவு பெரிய பாரம் இறங்கிவிட்டது! கண்ணைத் துடைத்தவள் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

“மூளை நல்லாத்தானே இருக்கு. அப்ப என்ரை ஏழு குடையும் எங்கை?”

அதிபர், பிடிபட்ட மாணவனாகத் தலையைச் சொறிந்தார்.

“மழையிலை நனைஞ்சு வாற பிள்ளையளுக்குக் குடை குடுத்துப் பாத்தன். ‘வேணாங்க சார்’ எண்டு தாய்தகப்பன் திருப்பி அனுப்பிப்போடுவினம். ரோசக்காரச் சனம்.”

“அதுக்கு?”

“அவையின்ரை லயத்து வீட்டுக்குப் போய் மறந்து விட்டிட்டு வருவன். ‘சார் குடை, பத்திரமா கொண்டுபோய்க் குடு’ எண்டு பிள்ளையிட்டைக் குடுத்து விடுவினம். பிள்ளை நனையாமல் வந்து சேரும்.”

“பேந்தென்ன, வாங்கிக்கொண்டு வாறதுதானே?”

“அதைத்தான் ஒவ்வொரு நாளும் மறந்துபோறன்.”