மூன்றாவது காப்பி

"அடியே, என்ன காரியம் பண்றே நீ?"

ராதிசாவ் பதறி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் மனைவி மிலுங்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. லீதியாவின் முன்னால் மூன்றாவது காப்பியை வைத்துவிட்டு, சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ட்ரினா ஆற்றங்கரையில் எந்தச் செர்பிய வீட்டில் வேண்டுமானாலும் கேளுங்கள். விருந்தாளிக்கு முதல் காப்பி, 'வாங்க, வாங்க'. இரண்டாவது காப்பி, ஊர்வம்பு பேச. மூன்றாவது வந்தால், 'போதும்மா, கிளம்பு' என்று அர்த்தம். வீடு தேடி வந்தவரை வாய் திறந்து யாரும் போகச் சொல்வதில்லை. அதைக் காப்பி பார்த்துக்கொள்ளும்.

லீதியா ரஷ்யப் பெண். மகன் ஒக்னியன் காதலித்து, கையோடு வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் செர்பியப் பேச்சில் பாதியும் இந்தக் காப்பிக் கணக்கு முழுவதும் கற்றுக்கொண்டாள். அதுதான் இப்போது வினையாகப் போயிற்று. கோப்பையைப் பார்த்தாள், மிலுங்காவின் முகத்தைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

"இது... மூணாவதா அம்மா?"

"எண்ணத் தெரியுமில்ல?" என்றாள் மிலுங்கா.

ஒக்னியன் கத்தினான். "அம்மா! அவ என்ன தப்புப் பண்ணினா? நேத்து முழுக்க உன்கூட உட்கார்ந்து குடமிளகாய் சுட்டுத் தோல் உரிச்சாளே, கையெல்லாம் கொப்புளம்!"

"நல்லாத்தான் உரிச்சா. இப்பக் கிளம்பட்டும்."

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"அதை உங்கப்பாகிட்டே கேளு. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்காரே."

ராதிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் போலீஸில் பதிய வேண்டும் என்று, லீதியா வந்த அன்றே கொட்டுகிற மழையில் ஓடினவள் இந்தக் கிராதகிதானா? சில நாள் முன்னால் சாப்பாட்டு மேஜையில், "லீதியா விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று இழுத்தாள். "எங்க விஷயத்துல நீ வாயே திறக்காதே" என்று ஒக்னியன் வெட்டிவிட்டான். அன்றிலிருந்து உம்மென்றுதான் இருந்தாள். கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கத்தான் திட்டம் போட்டிருக்கிறாள் என்பது ராதிசாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

லீதியா வண்டல்வரைக்கும் குடித்துவிட்டே எழுந்தாள். பாவம், மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

"எங்கேடா போகப் போறீங்க?" என்றார் ராதிசாவ்.

"அக்கரைக்கு. ரூஷா அத்தை வீட்டுக்கு. பாஸ்னியாவிலயாவது மனுஷங்க இருக்காங்களான்னு பார்க்கறோம்!"

"பாஸ்போர்ட்டை மறக்காம எடுத்துக்கச் சொல்லு" என்றாள் மிலுங்கா.

"பார்த்தீங்களாப்பா? விட்டுட்டுப் போனா அதை எடுக்கத் திரும்பி வந்துடுவாளோன்னு பயம்!"

கதவு அறைபட்ட சத்தத்தில் சுவர்க் கடிகாரம் ஆடியது. கார் பாலத்தைப் பார்த்துப் பறந்தது.

ராதிசாவ் தனக்கு மட்டும் ஒரு கிண்ணம் ரக்கியாச் சாராயம் ஊற்றிக்கொண்டார். "எங்கம்மா உனக்கு என்னைக்காவது மூணாவது காப்பி கொடுத்திருப்பாளா?"

"தினமும் கொடுத்தாங்க. நான் போகலை, அவ்வளவுதான்."

அவர் ரக்கியா தீரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தொலைபேசி அடித்தது. ஒக்னியன்தான். போகும்போது இருந்த வீறாப்பெல்லாம் குரலில் காணோம்.

"அப்பா, பாலத்துச் சோதனைச் சாவடியில நிக்கறோம். லீதியா நம்ம நாட்டுல தங்கறதுக்குக் கெடு இன்னையோட முடியுதாம்ப்பா! நான் சுத்தமா மறந்தே போயிட்டேன். நாளைக்கு வந்திருந்தா அபராதம் போட்டு அனுப்பிடுவாங்களாம், அப்புறம் உள்ளயே விடமாட்டாங்களாம். இன்னைக்கே வெளியே போய்ட்டுத் திரும்பி வந்தா மறுபடி ஒரு மாசம் தருவாங்களாம். முத்திரை குத்தறவர் சொல்றார், 'நல்ல வேளை, சரியான நாள்ல கிளம்பினீங்க'ன்னு!"

ராதிசாவ் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மிலுங்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போலீஸ்ல பதிஞ்சது நான்தானே. தெரியாம இருக்குமா?"

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"திறக்காதேன்னு உங்க பிள்ளைதானே சொன்னான்? திறக்கலை." கழுவின கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "கோபம் வந்தா அவன் நேரா அக்கரை அத்தை வீட்டுக்குத்தான் ஓடுவான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

ஈரக் கையோடு வந்து தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டேய், ரூஷா வீட்டுல ஒரே ஒரு காப்பி குடிச்சுட்டுக் கிளம்புங்க. ரெண்டாவதுக்கு உட்காராதீங்க, அவ வாயை மூடமாட்டா. இங்கே முதல் காப்பிக்குத் தண்ணி வெச்சுட்டேன்னு லீதியாகிட்டே சொல்லு."

மறுமுனையில் யாரோ சிரித்துக்கொண்டே அழுவது ராதிசாவுக்கும் கேட்டது.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. அடுத்த கெடு வர்றதுக்குள்ள அவளை இந்த வீட்டு மருமகளா ஆக்கிடு. இல்லேன்னா மூணாவது காப்பி உனக்குத்தான்!"