ஏகமனதாக

முருகம்மாள் கையைத் தூக்கியபோது மற்ற எட்டுக் கைகளும் ஏற்கெனவே உயர்ந்திருந்தன.

மாட்டுங்காவில், இரண்டாவது மாடியில், அபயாம்பாள் வீட்டுக் கூடத்தில் மாதர் சங்கக் கமிட்டி கூடியிருந்தது. மத்தியானம் மூன்று மணி. ஃபேன் சுற்றியும் முருகம்மாளுக்கு முதுகு நனைந்திருந்தது.

அவள் கமிட்டிக்குப் புதிது. சங்கம் தாராவியில் குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தது. பால் வாங்குகிற இடத்திலிருந்தும் ஒருத்தி கமிட்டியில் இருக்க வேண்டும், தீர்மானங்களில் அவளுடைய சம்மதமும் வேண்டும் என்று, பால் பவுடர் அனுப்பும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்களாம். வரிசையில் சத்தம் போடாமல் நிற்கிறவள் என்று இவளைப் பிடித்தார்கள்.

வந்ததிலிருந்து பயம்தான். நாற்காலியில் முழுதாக உட்காரப் பயம். காபியைத் தொடப் பயம். குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பது, தானே கழுவித் தர வேண்டுமா என்று தெரியவில்லை. காபி ஏடு கட்டி ஆறிப்போயிருந்தது.

பேச்செல்லாம் இங்கிலீஷில். காரியதரிசி ஷ்யாமளா ஒரு தாளைப் பார்த்துப் படித்தாள். அதில் ‘தாராவி’ என்று இரண்டு தரம், ‘ஷிப்ட்’ என்று ஒரு தரம் காதில் விழுந்தது.

ஷிப்ட் அவளுக்குத் தெரிந்த சொல். புருஷன் நம்பிராஜன் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அப்படியானால் பால் ஊற்றும் நேரத்தை மாற்றப்போகிறார்கள். நல்லதுதான். வேலைக்குப் போகிற பொம்பளைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

அப்படி நினைத்துத்தான் தூக்கினாள்.

“ஏகமனதா பாஸ் ஆயிடுத்து,” என்று ஷ்யாமளா இவளைப் பார்த்துத் தமிழில் சிரித்தாள். “இனிமே பால் சென்டர் இங்கயே, மாட்டுங்காவிலே. தாராவிக்கு வந்து போறதுன்னா எங்க எல்லாருக்கும் பயமா இருக்கு, பாருங்கோ.”

முருகம்மாளின் கை இன்னும் இறங்கியிருக்கவில்லை.

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு வர ரயில் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். பாலம் தள்ளி இருக்கிறது. பிள்ளைகள் அவ்வளவு தூரம் சுற்றாது. போன மழையில் பக்கத்துக் குடிசைப் பூலோகத்தின் மகள் அப்படித்தான் குறுக்கே ஓடினாள். ஆறு வயது. ஒரு வேட்டியில் அள்ளிக்கொண்டு வந்ததை முருகம்மாள் பார்த்திருக்கிறாள்.

ஷ்யாமளா நோட்டில் எழுதத் தொடங்கினாள். பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. தாராவிக்காரியும் சம்மதித்தாள் என்று அதில் இருக்கும்.

வேண்டாம் என்றால் பாலையே நிறுத்திவிடுவார்களோ? அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு ஒன்றரை வயது. அந்தப் பாலில்தான் எழுந்து நிற்கிறது.

எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

“எனக்கு வெளங்காமத் தூக்கிட்டேம்மா. பிள்ளேளு தண்டவாளத்தத் தாண்டித்தான் வரணும். இது வேண்டாம். எங் கையக் கழிச்சிருங்க.”

பேனா நின்றது. தலைவி அபயாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இறங்கி ஓடிவிடலாமா என்று முருகம்மாளுக்கு இருந்தது.

அப்போது பக்கத்து நாற்காலிக்காரி எழுந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ராஜலக்ஷ்மி என்று பேர் கூப்பிட்டபோது ‘பிரசன்ட்’ சொன்னதோடு சரி, அப்புறம் வாய் திறக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

“எனக்கும் இங்கிலீஷ் புரியாது. மூணு வருஷமா புரியாமதான் தூக்கிண்டிருக்கேன். என் கையையும் கழிச்சுடுங்கோ.”

ஷ்யாமளா தலைவியைப் பார்த்தாள். பிறகு எழுதியதை அடித்தாள். தாராவிக்காரியின் கைநாட்டு இல்லாமல் அந்தத் தாளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பால் சென்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், அடுத்த கூட்டம் வரைக்குமாவது.

முருகம்மாளுக்கு மூச்சு வந்தது. ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினாள்.

ராஜலக்ஷ்மி நடுங்கிக்கொண்டிருந்தாள். முருகம்மாளைவிட அதிகமாக. படித்தவர்கள் வீட்டுப் பெண், பட்டுப்புடவை, காதில் வைரம். இவளுக்கு என்ன பயம் என்று முருகம்மாளுக்கு விளங்கவில்லை.

கூட்டம் கலைந்தது. எல்லோரும் வாசலில் செருப்பு மாட்டினார்கள். ராஜலக்ஷ்மி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“மத்தவா போகட்டும். நீ உள்ள வா,” என்றாள் அபயாம்பாள், தன் மருமகளிடம்.