சைக்கிளை உருட்டுகிறவன்

“ஏலே பாண்டி, என்னையப் பாத்தா உனக்கு நக்கலா இருக்காலே?”

கம்பம் கடைவீதி என்றும் பார்க்காமல் உமர் பாருக் கத்திவிட்டான். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? நுரையீரல் கெட்டுப்போய், மதுரை ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்து வந்தவன் உமர். மலைச் சைக்கிள் பந்தயம் என்றால் சோறு தண்ணி மறக்கிறவன். வீடு திரும்பிய புதிதில் தெருமுனை மேட்டில்கூட மிதிக்க முடியவில்லை. இறங்கி, மூச்சு வாங்க, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனான். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற மாதிரி, ஈஸ்வரபாண்டியும் தன் கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரிந்தான். அதுவும் எப்படி? சீட்டின் மேல் மாட்டுக்குப் புல்லுக்கட்டை ஏற்றி! உமர் தேறி, மெல்ல மெல்ல மிதிக்கத் தொடங்கிய பிறகும் பாண்டி உருட்டுவதை விடவில்லை.

பாண்டி என்ன வேற்று ஆளா? பந்தயத்தில் உமர் முதலாவது வந்தால் அவன் இரண்டாவது. அவன் முதலாவது என்றால் உமர் இரண்டாவது. ஒரே தட்டில் தின்றவர்கள். அப்படிப்பட்டவன், உமர் கண் விழித்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“நக்கலெல்லாம் இல்ல மாப்ள. நடந்து பழகுறேன்” என்றான் பாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“கல்லு மாதிரி கால வச்சுக்கிட்டு நடந்து பழகுறியாக்கும்? சுருளிப் பந்தயத்துக்கு என் பேரோட உன் பேரையும் சேத்துக் குடுத்துட்டேன். வந்து என்கூட ஓட்டு. தோத்தாலும் உங்கிட்டத் தோக்கணும்டா எனக்கு.”

உமரின் ஆசை அவ்வளவுதான்.

“இல்ல மாப்ள. நான் வரல.”

சரிந்த புல்லுக்கட்டை நேராக்கிக்கொண்டு பாண்டி போய்விட்டான்.

“பாத்தியா சமீனா? நான் பொழச்சு வந்தது அவனுக்குப் பிடிக்கல” என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினான் உமர்.

“அப்பிடியெல்லாம் பேசாதீக” என்றாள் சமீனா. ஆனாலும் அவளுக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான்.

பந்தயத்தன்று கூட்டமான கூட்டம். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, செம்மண் பாதை மலையில் ஏறுகிற இடத்தில் உமருக்கு மூச்சு முட்டியது. முந்தியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறிய மேடு அது. இன்றைக்குக் கண் இருட்டியது. ஒவ்வொருத்தராக அவனைத் தாண்டிப் போனார்கள். ‘போதும், இறங்கிவிடுவோம்’ என்று பிரேக்கில் கை வைத்தான்.

“எறங்கிராத மாப்ள! எறங்கிராத! கியரைக் கொறடா! மூச்ச மெதுவா விடு!”

பாண்டி! செருப்பைக்கூட உதறிவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, கல்லிலும் முள்ளிலும் கூடவே ஓடி வந்துகொண்டிருந்தான்.

“ஓட்டுறதுக்கு வராதவன் தண்ணி எனக்கு எதுக்குடா?”

உமர் அவன் கையைத் தட்டிவிட்டான். பாட்டில் சரிவில் உருண்டு போனது. அந்த ஆத்திரத்திலேயே மிதித்தான். மேடு ஏறிவிட்டான்.

கடைசி ஆட்களில் ஒருவனாகத்தான் வந்து சேர்ந்தான். ஆனாலும் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. சமீனா அழுதேவிட்டாள். உமரின் கண் மட்டும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்புகையில், ரோட்டில் முன்னால் அதே புல்லுக்கட்டு. பாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, பின்னால் அவன் மனைவி பவுனு அரிவாளோடு நடந்தாள். உமர் அவர்கள் பக்கத்தில் போய்ச் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டான்.

“ஏன் பவுனு, உம் புருசனுக்குச் சைக்கிள் ஓட்ட மறந்துபோச்சா? இல்ல, சீக்காளிகிட்டத் தோத்துட்டா கேவலம்னு பயமா?”

“பவுனு, வா போவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாண்டி விறுவிறுவென்று முன்னால் நடந்தான்.

பவுனு நகரவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

“சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காகண்ணே. பாவம் வந்தா வரட்டும், சொல்லிர்றேன். நீங்க நெனவில்லாமக் கெடந்தப்ப உங்களப் பாக்க வந்தாக. ‘உசுரு தங்குனாலும், இனிச் சைக்கிள நெனச்சுக்கூடப் பாக்க முடியாது’ன்னு டாக்டரு சமீனாக்காகிட்டச் சொன்னத, கதவோரம் நின்னு கேட்டுட்டாக. நேரா வீரபாண்டி ஆத்தா கோயில்ல போயி விழுந்தாக.”

“பாண்டியா?”

“‘கெடா வெட்ட எங்கிட்ட ஆடு இல்ல ஆத்தா. எனக்குன்னு ஆசையா இருக்கது சைக்கிள் ஒண்ணுதான். அவன் ஏறட்டும், நான் எறங்கிக்கிறேன்’னு வேண்டிக்கிட்டாக. அன்னைக்கு எறங்குனவுக இன்னும் ஏறல.”

தூரத்தில் பாண்டி, கல் குத்திய காலைச் சாய்த்துச் சாய்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

“யா அல்லாஹ்... அவன் தண்ணியத் தட்டிவிட்டேனே!”

ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சைக்கிளை விட்டு இறங்குவதற்காக உமர் காலைத் தூக்கினான்.

“எறங்காதீகண்ணே!”

பவுனு ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“அவுக பக்கத்துலயே போங்க, கூடப் பேசிக்கிட்டுப் போங்க. ஆனா எறங்க மட்டும் செய்யாதீக. நீங்களும் எறங்கிட்டா, அவுக இம்புட்டு நாளா நடந்தது எதுக்கு?”